காட்டுக் கத்தாழையில் நார் எடுப்பதும் செடியைப் பேணுவதும்: முழுமையான வழிகாட்டி

கரட்டோரத்திலும் ஓடைக்கரையிலும் தானாக வளர்ந்து கிடக்கிற கத்தாழையில் நார் எடுக்கலாம் என்று வருகிறவர்கள் முதல் வேலையாக அரிவாளோடு போய் ஐம்பது அறுபது மடலை வெட்டிச் சாய்த்துவிடுகிறார்கள். வேலை அங்கேயே கெட்டுவிடுகிறது. வெட்டிய மடல் இரண்டு நாள் வெயிலில் கிடந்தால் மடலின் உள்சதையான சோறு வற்றி நாரோடு ஒட்டிக்கொள்ளும். அதன்பின் எவ்வளவு சீவினாலும் வெள்ளை நார் வராது.

அதனால் இந்த வேலையைக் கடைசியிலிருந்து கணக்குப் போட வேண்டும். எங்கே காயப்போடுவது, எதில் அலசுவது, ஒரு நாளில் எத்தனை மடல் சீவ முடியும் என்று முடிவு செய்த பிறகுதான் எத்தனை வெட்டுவது என்ற பேச்சு.

1. எந்தக் கத்தாழை என்று பார்த்துக்கொள்ளுங்கள்

சோத்துக் கத்தாழையில் கயிற்றுக்கான நார் கிடையாது. மருள் என்கிற, மடலில் பட்டை பட்டையாகக் கோடு ஓடும் செடியில் நல்ல நார் உண்டு. ஆனால் மடல் சிறியது, அதன் வேலை வேறு. இங்கே சொல்வது வேலியிலும் தண்டவாளத்தோரத்திலும் நிற்கிற, நுனியில் ஊசி முள் உள்ள பெரிய கத்தாழை. தாவர நூல்களில் அகேவ் என்று இருக்கும்.

அதிலும் மூன்று வகை அடிக்கடி கண்ணில் படும். அகலமாக, சாம்பல் பூத்த நீல நிறத்தில், இரண்டு ஓரத்திலும் கொக்கி முள்ளோடு இருப்பது ஆனைக் கத்தாழை (அகேவ் அமெரிக்கானா). மடல் கனமாக இருக்கும். நார் குறைவு, பலமும் குறைவு. வேலிக்கு இதுதான் முதல் தரம். கத்தி மாதிரி நேராக, பச்சையாக, ஓர முள் ஏறக்குறைய இல்லாமல் இருப்பது சிசல் (அகேவ் சிசலானா). கயிற்றுக்கு இதைத் தேடுங்கள். ஒடுங்கிய மடலில் சின்னச் சின்ன ஓர முள்ளோடு வருவது அகேவ் கண்டாலா. இதன் நார் மெல்லியதாக, மிருதுவாக வரும்; இழுவை சிசல் அளவுக்குத் தாங்காது.

மூன்றையும் கலந்து வெட்டினால் நார் நீளமும் தடிமனும் ஒத்து வராது, கயிறு ஓரிடத்தில் பருத்து ஓரிடத்தில் மெலியும். ஒரு நாளைக்கு ஒரு வகை மட்டும் எடுங்கள்.

2. இடமும் பருவமும்

தானாக வளர்ந்தது என்பதால் கேட்பாரில்லை என்று நினைக்க வேண்டாம். ரயில்வே எல்லைக்குள் அனுமதியில்லாமல் நுழைவதே 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147-ஆம் பிரிவின்படி குற்றம். காப்புக்காட்டிலும் கை வைக்கக் கூடாது. புறம்போக்கு என்றால் ஊராட்சியில் ஒரு வார்த்தை கேளுங்கள். வரப்பு வேலி என்றால் இரண்டு பக்கத்துக் காட்டுக்காரரிடமும் சொல்லிவிட்டு வெட்டுங்கள். வேலி ஒருவருடையதாக இருந்தாலும் அதை நம்பி ஆட்டைத் தடுத்துக்கொண்டிருப்பவர் இன்னொருவராக இருப்பார்.

வடகிழக்கு மழை ஓய்ந்த பிறகு தை, மாசி, பங்குனி மூன்று மாதமும் நல்ல காலம். மடலில் நீர்ப்பிடிப்பு இருக்கும், சோறு வழுவழுவென்று கழன்று வரும், காயவைக்க வெயிலும் உண்டு. கத்திரி வெயிலில் மடல் சுருங்கியிருக்கும். சீவ இரட்டிப்பு உழைப்பு. அடைமழையில் சீவ வரும், ஆனால் நார் காயாமல் பூசணம் பிடித்துக் கறுத்துவிடும்.

3. வெட்டப் போகும் முன் தயாராக இருக்க வேண்டியவை

- நீளப் பிடி போட்ட அரிவாள், நல்ல கூராக
- சிறு கத்தி ஒன்று, முள்ளும் தோலும் எடுக்க
- சீவுபலகை: 3 அடி நீளம், 5 அங்குல அகலம், வழவழப்பானது
- சீவுதகடு: மழுங்கிய விளிம்புள்ள இரும்புப் பட்டை, அல்லது பழைய கத்தியின் முதுகு
- மரச்சுத்தி
- தண்ணீர்த் தொட்டி இரண்டு
- காயப்போடக் கொடி
- முழுக்கைச் சட்டை, தடித்த கையுறை, கண்ணாடி, சோப்பு

இவற்றில் புதியவர்கள் விட்டுவிடுவது கடைசி வரியைத்தான். கத்தாழைச் சாறில் ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் துகள்களும் நுரைக்கிற சப்போனினும் உண்டு. தோலில் பட்ட கொஞ்ச நேரத்தில் நமைச்சல், பிறகு சிவந்த தடிப்பு. சொறிந்தால் துகள் இன்னும் உள்ளே இறங்கும். சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் கழுவுவதே சரி. முழங்கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டால் சாறு நேரே படாது; உள்ளங்கையில் மட்டும் தடவாதீர்கள், அரிவாள் வழுக்கும்.

கண்ணில் தெறித்தால் கால் மணி நேரமாவது சுத்தமான தண்ணீரில் கழுவி, மருத்துவரிடம் போக வேண்டும். நுனி முள் கண்ணில் குத்தினால் கழுவிக்கொண்டு நிற்காமல், தேய்க்காமல் உடனே கண் மருத்துவமனை.

அளவைப் பற்றி ஒரு கணக்கு. நன்றாக விளைந்த சிசல் மடல் ஒன்று அரைக் கிலோவுக்கு மேல் ஒரு கிலோ வரை இருக்கும். 100 கிலோ பச்சை மடலைக் கையால் சீவி 3 கிலோ காய்ந்த நார் எடுத்தால் நல்ல வேலை. மீதி அத்தனையும் தண்ணீரும் சக்கையும். விரல் தடிமனில் 10 அடி மாட்டுக்கயிற்றுக்கு 300 முதல் 350 கிராம் நார் பிடிக்கும். முதல் நாள் 20 மடலுக்கு மேல் வெட்ட வேண்டாம். அதில் ஒரு கயிறு நிச்சயம் வரும், கை பழகினால் இரண்டு.

4. எந்த மடல், எத்தனை மடல்

செடியின் அடியில் இருக்கிற மடல்தான் முற்றியது. நடுக் குருத்து செங்குத்தாக நிற்கும். அதிலிருந்து பாதிச் சாய்வுக்கு மேல், அதாவது 45 பாகைக்கு மேல் விரிந்து தரையை நோக்கிச் சரிந்த மடல்களை மட்டும் எடுங்கள். நிமிர்ந்து நிற்கிற மடலில் நார் இன்னும் முற்றவில்லை. நீளமாகத் தெரிகிறதே என்று அதை வெட்டுவார்கள். சீவும்போது நார் பொடிப்பொடியாக அறுந்து சக்கையோடு போகும்.

முதல் வெட்டுக்குச் செடிக்கு மூன்று வயதாவது ஆகியிருக்க வேண்டும், அடிமடல் ஏறக்குறைய மூன்றடி இருக்க வேண்டும். காட்டில் நிற்கிற செடிக்கு வயது தெரியாது, நீளத்தை மட்டும் பாருங்கள்.

எத்தனை எடுப்பது என்பதைவிட எத்தனை விடுவது என்று எண்ணுங்கள். குருத்தை விட்டுவிட்டு, செடியில் விரிந்த மடல் குறைந்தது 20 நிற்க வேண்டும். அதற்குக் கீழே போனால் செடிக்கு உணவு செய்ய இலை போதாது. அடுத்த வருஷம் வருகிற மடல் குட்டையாக வரும், குட்டை மடலில் குட்டை நார். மொட்டையடித்த கத்தாழை சாவதில்லை என்பது உண்மைதான். அதனால்தான் சேதம் உடனே கண்ணில் படுவதில்லை. வருஷத்துக்கு ஒரு வெட்டு போதும்.

வெட்டும் முறை: முதலில் நுனி முள்ளை இரண்டங்குலம் விட்டு வெட்டி எறியுங்கள். வெட்டப்போகும் மடலில் மட்டும் போதாது, முகத்துக்கு நேரே நிற்கும் பக்கத்து மடல்களிலும் வெட்டிவிடுங்கள். காயங்களில் பாதி, குனிந்து ஒரு மடலை அறுக்கும்போது அடுத்த மடலின் முள்ளில்தான் ஏற்படுகிறது. பிறகு அடிமரத்திலிருந்து ஓரங்குலம் விட்டு, தண்ணீர் வடியும்படி வெளிப்பக்கம் சாய்வாக அறுங்கள். அடிமரத்தைக் கீறினால் அங்கிருந்து அழுகல் ஏறும்.

வெட்டிய மடலை அடி ஒரு பக்கம், நுனி ஒரு பக்கமாக அடுக்கி, நிழலில் ஈரச்சாக்கு போட்டு மூடுங்கள். ஓர முள்ளை அங்கேயே சீவிவிட்டால் தூக்கும்போது கை கிழியாது.

5. பிளந்து நசுக்குவது

மடலின் அடிப்பகுதி தடித்தது. அதை அப்படியே பலகையில் வைத்தால் தகடு ஏறி இறங்கும். அடியிலிருந்து ஒரு முழம் வரை மரச்சுத்தியால் தட்டித் தட்டையாக்குங்கள். கல்லால் அடிக்கக் கூடாது, கல்லின் விளிம்பு பட்ட இடத்தில் நார் ஒடியும்.

பிறகு மடலை நீளவாக்கில் இரண்டு விரல் அகலப் பட்டைகளாகக் கிழியுங்கள். அடியில் கத்தியால் ஒரு கீறல் போட்டுக் கையால் இழுத்தால் நாரின் போக்கிலேயே பிரியும். கத்தியாலேயே கடைசிவரை பிளந்தால் போக்கு விலகி, பாதி நார் நடுவில் அறுபட்டுப்போகும்.

இங்கே ஒரு முடிவு எடுக்க வேண்டும்: பச்சையாகச் சீவுவதா, ஊறப்போடுவதா. தண்ணீர் குறைவாகவும் ஆள் கூடுதலாகவும் இருந்தால் பச்சையாகச் சீவுங்கள். நார் வெள்ளையாக, உறுதியாக வரும். ஊறப்போட்டால் கை வலிக்காது, நிறமும் பலமும் குறையும், நாற்றம் சகிக்காது. இரண்டும் முடியும் என்றால் பச்சைச் சீவல்தான் என் சிபாரிசு.

6. பச்சையாகச் சீவுவது

பலகையின் ஒரு முனை தரையில் ஊன்ற, மறுமுனை இடுப்புயரத்தில் ஒரு கட்டைமேல் சாய்ந்திருக்கட்டும். பட்டையை உள்பக்கம் மேலே தெரியும்படி வையுங்கள். மேல்முனையைத் துணி சுற்றிப் பிடித்துக்கொள்ளலாம், அல்லது பலகையில் அடித்த முளையில் சுற்றிவிடலாம்.

தகட்டைச் சாய்த்துப் பிடித்து, பிடியிலிருந்து வெளியே நோக்கி ஒரே திசையில் தள்ளுங்கள். முதல் இரண்டு இழுப்பில் பச்சைத் தண்ணீர் பிதுங்கி வழியும். மூன்றாவது நான்காவதில் சோறு தோலோடு சுருண்டு விலகும், அடியில் வெள்ளைக் கோடுகள் தெரியத் தொடங்கும். அந்த நேரத்தில்தான் எல்லோரும் அழுத்தத்தைக் கூட்டுகிறார்கள். கூட்டக் கூடாது, குறைக்க வேண்டும். சோறு போன பிறகு தகட்டுக்கும் நாருக்கும் நடுவில் மெத்தை இல்லை. அழுத்தினால் நார் பிசிறெடுக்கும்.

பட்டையைத் திருப்பி மேல்தோல் பக்கத்தையும் சீவுங்கள். பாதி நீளம் முடிந்ததும் முனையை மாற்றி, சீவிய நாரைக் கையில் சுற்றிக்கொண்டு மறுபாதி. அடிப்பாதியை முதலில் முடிப்பது நல்லது. அங்கேதான் சோறு அதிகம், கைச்சத்து இருக்கும்போதே தீர்த்துவிடலாம்.

தகடு கூராக இருப்பதுதான் இந்தக் கட்டத்தில் அதிகம் நடக்கிற தப்பு. விளிம்பை விரலால் தடவிப் பார்த்தால் வெட்டாத அளவுக்கு மழுங்கியிருக்க வேண்டும். கல்லில் தேய்த்து மழுக்குங்கள். சக்கையில் நிறைய நார்த் துணுக்குகள் தெரிந்தால் தகடு கூர். நாரில் பச்சைத் திட்டு போகவே மாட்டேன் என்றால் மடல் வாடிவிட்டது. அப்படிப்பட்டதை ஊறப்போடும் பக்கம் தள்ளிவிடுங்கள்.

7. ஊறப்போட்டு எடுப்பது

நசுக்கிப் பிளந்த பட்டைகளைக் கட்டுக் கட்டாகக் கட்டி, முழுக்கத் தண்ணீருக்குள் அமிழும்படி மேலே கல் வையுங்கள். தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி ஊறாது, காய்ந்து கறுக்கும்.

எங்கே ஊறப்போடுவது என்பதில் விளையாட வேண்டாம். கத்தாழைச் சாறு மீனைக் கொல்லும். ஊறல் தண்ணீர் அழுகி, குளத்துத் தண்ணீரில் உயிர்க்காற்றையும் தின்றுவிடும். ஊர்க் குளம், குட்டை, கிணற்றடி எதுவும் வேண்டாம். தார்ப்பாய் விரித்த தனிக் குழி அல்லது பழைய சிமென்ட் தொட்டி. ஆடுமாடு வாய் வைக்காமல் முள் போட்டு அடையுங்கள்.

வெயில் நாளில் நசுக்கிய பட்டை ஏழெட்டு நாளில் பதத்துக்கு வரும். நசுக்காத முழு மடல் இரண்டு மூன்று வாரம் இழுக்கும். நாள் கணக்கை மட்டும் நம்ப வேண்டாம். ஐந்தாம் நாளிலிருந்து தினமும் ஒரு பட்டையை எடுத்துக் கட்டைவிரலால் வழித்துப் பாருங்கள். தோல் வழுக்கிக்கொண்டு வந்து, நார் தனித்தனியாக நின்றால் அன்றைக்கே எடுத்துவிட வேண்டும். சோறு தின்று முடித்த நுண்ணுயிர் அடுத்து நாரையே தின்னத் தொடங்கும். நாரை முறுக்கி இழுத்தால் சுலபமாக அறுகிறது, பழுப்பேறியிருக்கிறது என்றால் காலம் தப்பிவிட்டது. அது துடைப்பத்துக்கும் தேய்ப்பு நாருக்கும்தான்.

8. அலசிக் காயவைப்பது

சீவிய நாரை அன்றைக்கே அலசுங்கள். முதல் தொட்டியில் கைப்பிடியாகப் பிடித்து முக்கி அடித்து, இரண்டாவதில் தெளிவாக. ஒட்டியிருக்கிற சாறு காய்ந்தால் நார் விறைத்து, மஞ்சளடித்து, கயிறு திரிக்கும் கையை அரிக்கவைக்கும். அலசிய தண்ணீரைச் செடிகளுக்கு நேரே விடாமல் வெறுந்தரையில் ஊற்றுங்கள்.

பிழிந்து உதறிக் கொடியில் மெல்லியதாகப் பரப்புங்கள். நல்ல வெயிலில் ஒரு பகல் போதும், நாரும் வெளுக்கும். பனியில் விட்டுவைக்கக் கூடாது. காய்ந்த நார் கையில் சரசரக்கும். அடிமுனையைக் கசக்கிப் பாருங்கள், ஈரம் கடைசிவரை நிற்பது அங்கேதான்.

ஆணி அடித்த பலகையில் இழுத்துச் சீவினால் சிக்கும் பொடியும் போகும். நுனியிலிருந்து தொடங்கி மெல்ல மேலே வாருங்கள்.

சக்கையைக் குவித்து எருக்குழியில் போடலாம். மக்க வெகுநாள் ஆகும். சாணத்தோடு அடுக்கடுக்காகப் போட்டால் சீக்கிரம். பச்சைச் சக்கையை மாட்டுக்குப் போடாதீர்கள்.

9. பிரி முறுக்கிக் கயிறாக்குவது

நார் எலும்பாகக் காய்ந்திருந்தால் முறுக்கும்போது ஒடியும். தண்ணீர் தெளித்துச் சாக்கில் ஒரு மணி நேரம் சுற்றி வையுங்கள்.

கயிற்றில் சேரும் ஒவ்வொரு நார்த்திரியும் ஒரு பிரி. பிரியை வலப்பக்கம் முறுக்கினால், பிரிகளைச் சேர்க்கும்போது இடப்பக்கம் முறுக்க வேண்டும். இரண்டு முறுக்கும் எதிரெதிராக இருந்தால்தான் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். ஒரே பக்கம் முறுக்கிய கயிறு கையை விட்டதும் அவிழ்ந்துபோகும். முறுக்கில் நீளம் குறையும்: 10 அடிக் கயிற்றுக்குப் பிரி 13, 14 அடி இருக்கட்டும்.

நார் தீருகிற இடத்தில் புதிதாகச் சேர்க்கும்போது, பழையது முடிய ஒரு சாண் இருக்கும்போதே புதியதை உள்ளே கொடுங்கள். இரண்டு பிரியிலும் ஒரே இடத்தில் சேர்க்கக் கூடாது; கயிறு அறுகிற இடம் அதுவாகத்தான் இருக்கும்.

முடித்த கயிற்றை இழுத்துக் கட்டி, வெளியே நீட்டிய பிசிறை வைக்கோல் தீயில் ஓடவிட்டுப் பொசுக்குங்கள். பிசிறோடு மாட்டுக் கழுத்தில் கட்டினால் உராய்ந்து புண்ணாகும். மூக்கணாங்கயிற்றுக்குக் கத்தாழை நார் வேண்டவே வேண்டாம், முரடு. எந்நேரமும் ஈரத்தில் கிடக்கிற வேலைக்கும் தென்னங்கயிறே மேல். கத்தாழைக் கயிறு நனைந்தால் ஊதி விறைக்கும், காயாமல் கிடந்தால் மக்கும். மூட்டை கட்ட, பந்தல் இழுத்துக் கட்ட, கட்டில் பின்ன, கொட்டகை வாரைக்கு இது போதும்.

10. தண்டு கிளம்பிவிட்டால்

கத்தாழை வாழ்நாளில் ஒரே ஒரு முறை பூத்துச் செத்துவிடும். குருத்தில் வருகிற மடல் திடீரென்று குட்டையாகவும் ஒடுக்கமாகவும் ஆனால் பூத்தண்டு வரப்போகிறது என்று பொருள். இதற்கு மேல் புது மடல் கிடையாது. அந்தச் செடியில் மட்டும் 20 மடல் விடுகிற கணக்கை மறந்துவிட்டு, முற்றியதையெல்லாம் எடுத்துக்கொள்ளலாம்.

சிசல் தண்டில் பூ உதிர்ந்த இடங்களில் குட்டிச் செடிகள் முளைக்கும், ஒரு தண்டில் ஆயிரத்துக்கும் மேல். நடுவதற்கு ஆள் இருந்தால் நாலு விரல் நீளக் குட்டிகளாகப் பொறுக்கி, நாற்றங்காலில் ஒரு சாண் இடைவெளியில் ஒரு வருஷத்துக்குக் குறையாமல் வளர்த்து, ஒரு முழ உயரத்தில் எடுத்து நடலாம். நட ஆளில்லை என்றால் தண்டு பூக்கும் முன்பே வெட்டிவிடுங்கள்.

மெக்சிகோவின் ஒவாஹாகா பக்கம் கவலையே நேர்மாறானது. மெஸ்கால் சாராயத்துக்குப் பூக்கும் முன்பே செடியை அறுப்பதால், பக்கக்கன்று விடாமல் விதையால் மட்டுமே பெருகும் தொபலா வகை காட்டில் அருகிவிட்டது. அவர்கள் சில செடியையாவது பூக்க விட வேண்டும். நமக்குப் பூத்ததை அடக்க வேண்டும். அந்த ஊர்க் காணொளியைப் பார்த்துவிட்டு இங்கே குருத்தை வெட்டிக் கடித்துப் பார்ப்பவர்களும் உண்டு, வாய் வெந்துவிடும். அவர்கள் அடிக்கிழங்கை மண்குழி அடுப்பில் நாள்கணக்கில் வேகவைத்த பிறகே தொடுகிறார்கள்.

காய்ந்த தண்டு கனமே இருக்காது. ஆட்டுக் கொட்டகைக்குக் குறுக்குவாரையாகும். துண்டு போட்டு நீச்சல் பழகும் பிள்ளைகளின் முதுகில் கட்டினால் மிதக்கும். மழையில் நனையும் இடத்தில் தூணாக நட வேண்டாம், உள்சோறு தண்ணீர் குடித்து ஒரே பருவத்தில் இற்றுவிடும்.

11. வேலிக்கு நடுவது

ஒரு முழ உயரப் பக்கக்கன்றைக் கடப்பாரையால் நெம்பி, அடிவேர்த்தண்டோடு எடுங்கள். வெட்டுவாய் காய நாலைந்து நாள் நிழலில் போட்டுவையுங்கள்; உடனே நட்டால் அழுகும். ஆவணி, புரட்டாசியில் நட்டால் ஐப்பசி மழைக்குள் வேர் பிடித்துவிடும்.

இரண்டரை அடிக்கு ஒன்று. ஆடு புகாமல் இருக்க வேண்டுமானால் இரண்டு வரிசை, முன்வரிசையின் சந்துக்கு நேரே பின்வரிசைச் செடி. அடிக்கிழங்கு மூடும் அளவுக்கு மட்டும் மண். குருத்துக்குள் மண் விழுந்தால் செடி உள்ளேயே அழுகும். பயிருக்கு ஆறடி தள்ளியே இருக்கட்டும், வேர் மேல்மண்ணிலேயே பரவும். தண்ணீர் தேங்கும் பள்ளத்தில் நட்டுப் பயனில்லை. பள்ளிக்கூடப் பாதை, கிணற்று வழி ஓரங்களில் நடவே வேண்டாம். நட்டிருந்தால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை நுனி முள்ளை வெட்டிவிடுங்கள்.

12. பரவும் இடத்தில் அடக்குவது

பக்கக்கன்றைக் கையால் பிடுங்கினால் வேர்த்தண்டு மண்ணுக்குள் நின்று மறுபடி வரும். மழை பெய்த மறுநாள், மண் இளகியிருக்கும்போது கடப்பாரை போட்டு முழுக்க நெம்புங்கள். ஒரு செடிக்கு ஒரு கன்று விட்டுவிட்டு மற்றதை எடுப்பது வேலிக்குச் சரி. மேய்ச்சல் நிலத்தில் எதையும் விடாதீர்கள், அதன் நிழலில் புல் செத்துவிடும்.

பிடுங்கிய செடியை அப்படியே மண்ணில் போட்டுவிட்டுப் போனால் படுத்த வாக்கிலேயே வேர் விடும். பாறைமேல் வேர் மேலே பார்க்கும்படி கவிழ்த்துப் போட்டு, குருத்தை நெடுக்காக இரண்டாக வெட்டிவிடுங்கள். பெரிய தூரை எரிக்க முயல்வது வீண், உள்ளே ஈரம் இருக்கிறவரை தீப் பிடிக்காது. ஒரு கோடை முழுக்கக் காயவிட்டு, அடுத்த மழைக்கு முன் ஒருமுறை போய்ப் பார்த்து, துளிர்த்ததை மட்டும் மறுபடி நெம்புங்கள்.